செம்பு வாசர்

இன்ஜின் மறுபடியும் நின்றது.

நிற்பதற்கு முன் ஒரு தடுமாற்றம். பிறகு ஷெட்டில் சத்தமே இல்லை.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் சாவியைத் திருப்பவில்லை. தூக்கி வைத்த பானெட் மைத்துனன் ஆவுடையப்பனின் முகத்தை மறைத்திருந்தது. அந்த முகத்தைத்தான் அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

"எங்கயோ காத்து இழுக்கு, அத்தான்."

காலையிலிருந்து இதே பதில்.

ஆவுடையப்பன் ஃபில்டரின் தலையிலிருந்த திருகைத் தளர்த்தினான். கைப்பம்பை அழுத்தினான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கும்வரை அழுத்திவிட்டுத் திருகை இறுக்கினான்.

இனி ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் ஓடும்.

கொஞ்ச நேரம் ஓடுகிற வண்டியில் யாரைக் குற்றாலத்துக்கு ஏற்றுவது?

பழைய பெட்ரோல் அம்பாசடர். வருகிற வாடகையை அதுவே குடித்துக்கொண்டிருந்தது. டீசல் இன்ஜின் மாற்றுவது என்று முடிவானதும் மனைவி கோமதி தன் தம்பி பெயரைச் சொன்னாள்.

இரண்டு வருடமாகத் தம்பி வீட்டோடு பேச்சு கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில், எல்லோர் காதிலும் விழும்படி, அவனைக் களவாணி என்று சொன்னவர் இவர்தான். காணாமல் போனதாக அவர் நினைத்த பொருள் பிறகு வீட்டிலேயே கிடைத்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க அவர் போகவில்லை.

"குடுத்தா முழுசா நம்பிக் குடுங்க," என்றாள் கோமதி. "இன்னொரு தடவ எந்தம்பிய விட்டுட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

கொடுத்தார்.

தினமும் ஷெட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

பெட்ரோல் டாங்கில் புதிதாகத் துளை போட்டு இன்னொரு குழாயைப் பற்றவைத்தபோது கேட்டார், இது எதற்கு என்று. இன்ஜினுக்குப் போய் மிஞ்சுகிற டீசல் இந்த வழியாக டாங்குக்கே திரும்பும் என்றான் ஆவுடையப்பன்.

"போனது எதுக்குத் திரும்பி வரணும்?"

"கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ள மாதிரின்னு வச்சுக்கிடுங்க அத்தான். ஒரு சுத்து சுத்திட்டு இங்கதான் வந்தாகணும்."

வெல்டிங்காரன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

சாமான்களை அவரே தென்காசிக்குப் போய் வாங்கி வந்திருந்தார். கொடுப்பதற்கு முன் மகளின் நெயில் பாலிஷால் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பம்பில். ஃபில்டரில். இன்ஜெக்டர்களில். பொட்டலத்திலிருந்த செம்பு வாசர்களை, அந்தச் சின்ன வளையங்களைக்கூட விடவில்லை. கார் ஸ்டாண்டில் எல்லோரும் செய்வதுதான். புதுச் சாமான் இன்னொருத்தன் வண்டிக்குப் போய்விடக் கூடாது.

இப்போது இறங்கினார். பானெட்டுக்குள் குனிந்தார்.

பம்பில் பொட்டு இருந்தது. ஃபில்டரில் இருந்தது. டாங்கிலிருந்து வரும் குழாய் பம்போடு சேருமிடத்தில், போல்ட்டுக்கு அடியில், வாசர்.

அதில் சிவப்பு இல்லை.

அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்தார். இல்லை.

அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

"இந்த வாசர் நான் குடுத்ததா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தான். "நீங்க குடுத்ததுதான்."

"கழத்து."

கழற்றினான். வாசரைத் துணியில் ஒற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அவர் திருப்பினார்.

பொட்டு உள்முகத்தில் இருந்தது. போல்ட் அழுத்தியதில் ஒரு பக்கமாக நசுங்கி மேடு தட்டியிருந்தது. மேட்டை ஒட்டி, வாசர் பதியாத இடம் மயிரிழை அளவுக்குத் தெரிந்தது. பம்பு டீசலை உறிஞ்சும் பக்கம் அது. டீசல் ஒரு சொட்டும் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும்.

"கம்பெனிக்காரன் வச்ச பொட்டுன்னுல்லா நெனச்சேன்," என்றான் ஆவுடையப்பன், மெதுவாக.

சொன்னவன் பம்பைப் பார்த்தான். ஃபில்டரைப் பார்த்தான். இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

பார்த்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

தன் டப்பாவிலிருந்து வேறொரு வாசரை எடுத்துப் போட்டு முடுக்கினான். கைப்பம்பை அழுத்திக் காற்றை எடுத்தான்.

"ஸ்டார்ட் அடிங்க அத்தான்."

இன்ஜின் பிடித்தது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

கோமதி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சேர்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"என்னலே கோளாறு?"

அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

ஆவுடையப்பன் கையைத் துடைத்தான். அத்தான் பக்கம் பார்க்கவில்லை.

"எந் தப்புதான்க்கா. ஒரு வாசரத் தொடைக்காம போட்டுட்டேன்."

"நல்லாருக்கு. ஒங்க அத்தான் அதுக்குள்ள மனசுல ஒனக்கு வெலங்கே மாட்டிருப்பாவ."

அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடமாகிறது.

பெஞ்சில் தட்டுகளை வைத்துப் பரிமாறினாள். தம்பிக்கு முதலில்.

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வார்த்தை போதுமே, ஏன் சொல்லவில்லை? சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. எதற்காகச் சேர்த்து வைத்துக்கொள்கிறான்? இதற்குப் பதிலாக என்ன கேட்பான்? எந்தப் பந்தியில்?

ஆவுடையப்பன் தன் தட்டில் கை வைக்கும் முன், அதிலிருந்த பொரித்த மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க அத்தான். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

கோமதி தம்பியைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

அவர் மீனைப் பார்த்தார். பெரிய துண்டு. அவன் தட்டில் இருந்த மீன் அது ஒன்றுதான்.

மெல்லப் புரட்டிப் பார்த்தார்.

அந்தப் பக்கமும் மீன்தான்.