ரோமனுக்காகக் குடிப்போம்

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கம், டூயியின் பார் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்ததும் பெர்னடினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'நம்ம ரோமனின் காப்பகச் செலவுக்கு நிதி! குடிக்கக் குடிக்க ரோமனுக்கு உதவி! இறைச்சி பரிசாகக் கிடைக்கும் சீட்டுக் குலுக்கலும் உண்டு!'

ரோமன் அவள் தம்பி. குடித்தே மூளை கெட்டுப்போய் காப்பகத்தில் இருப்பவன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். நடுநாயகமாக ரோமன். கையில் ஆரஞ்சு ஜூஸ்.

"டூயி! உனக்கு வெக்கமா இல்ல? குடியால மூளை போனவனுக்குக் குடிச்சே காசு சேக்கறீங்களா?"

"கோவப்படாதே பெர்னி. அவனுக்கு வெறும் ஜூஸ்தான். அவனுக்காக நாங்கதான் கஷ்டப்பட்டுக் குடிச்சிட்டிருக்கோம்."

"பாட்டை நிறுத்து!"

பாட்டு நின்றது.

"எல்லாரும் கேளுங்க. இவனுக்குப் புதுசா எதுவும் மண்டையில நிக்காது. காலைல தின்னது மத்தியானம் தெரியாது. அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னா, ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் கேக்கற மாதிரி அழறான். சின்ன வயசு சங்கதி மட்டும் அச்சுப் பிசகாம அப்படியே இருக்கு. 'பழசுல இவன் சொன்னா நம்பலாம்'னு டாக்டரே சொல்லிட்டார். இவனை இப்படி ஆக்கினது யாரு? கூட உக்காந்து ஊத்திக் குடுத்த நீங்கதானே!"

ரோமனின் பழைய கூட்டாளி லெஸ்டர் மூக்கை உறிஞ்சினான்.

"அவ சொல்றது நூத்துக்கு நூறு நிஜம். மனசே விட்டுப்போச்சு. டூயி, இன்னொண்ணு ஊத்து."

பெர்னடின் தம்பியின் தோளைத் தொட்டாள்.

"நீயே சொல்லுடா ரோமன். உனக்கு முதன்முதல்ல இந்த எழவைப் பழக்கிவிட்ட பாவி யாரு? பயப்படாதே. பேரைச் சொல்லு."

சொல்லிவிட்டு டூயியை முறைத்தாள்.

ரோமனின் முகம் மலர்ந்தது.

"நீதானேக்கா! உன் கல்யாணத்தன்னிக்கு. எனக்குப் பதினாலு வயசு. போல்கா ஆட வெக்கப்பட்டுக்கிட்டு, கோட்டு மாட்டற ரூம்ல ஒளிஞ்சிருந்தேன். நீ வெள்ளை கவுனோட தேடி வந்தே, கையில பிராந்தி கிளாஸ். தொண்டை எரியுதுன்னேன். 'ஆம்பளையா லட்சணமா குடிடா'ன்னு மூக்கைப் பிடிச்சு ஊத்திவிட்டே. உன் கவுன்லகூடக் கொட்டிடுச்சு. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஆடினோமே ஒரு ஆட்டம்! அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வரவே இல்லக்கா."

குற்றம் சாட்டவில்லை அவன். அத்தனை பேர் முன்னால் அக்காவைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டான்.

வாய்க்குப் போன கோப்பைகள் பாதி வழியில் நின்றன. பெர்னடினுக்கு அந்த ரூமின் ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை மூக்கில் ஏறியது. கவுனில் கறை போகாமல் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"அப்படியா பெர்னி?" டூயி மெதுவாகக் கேட்டான்.

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், வியாதி முத்திடுச்சு" என்றாள் பெர்னடின். "இப்ப பழசும் போயிடுச்சு அவனுக்கு."