பேஸ்போல் பைத்தியம்

"உங்கட ஆக்கள் தோத்துப்போச்சினமோ?"

குசினி வாசலில் நின்றபடி இராஜேஸ்வரி குத்தலாகத்தான் கேட்டாள். அவளுடைய புருஷன் கௌரிசங்கர் டிவிக்கு முன்னால் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் அவர்கள் குடியிருக்கும் கிரவீனில் அது காலை நேரம். மனிதர் கோயிலுக்கு வரமாட்டார், பக்கத்து வென்ட்வேர்த்வில் கடைக்கும் வரமாட்டார். ஒரு வருடமாக அந்த நீலச் சட்டை அணியே கதி என்று கிடக்கிறார். பேஸ்போல் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது? காசு வைத்துப் பெட் கட்டுகிறார், வேறென்ன என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

பார்க்கிற அழகைத்தான் பார்க்க வேண்டும். பந்து வீசும்போது எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றுவார். ஆட்டம் நின்று, மைதானத்தில் ஒருவர் இருந்து வாசிக்கும் ஓர்கனில் எல்லாருக்கும் தெரிந்த ஏதாவதொரு பாட்டின் மெட்டு எழும்பி, சனம் கைதட்டத் தொடங்கினால் ஓடிவந்து சத்தத்தைக் கூட்டுவார். அமெரிக்கர்களுக்கு ஆட்டக்காரன் நடந்து வரவும் ஒரு மெட்டு வேண்டும், அவுட்டாகிப் போகவும் ஒரு மெட்டு வேண்டும். இவருக்கு என்ன கேடு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெற்ற பிள்ளை எங்கே என்று தெரியாத வீட்டில் கைதட்டல் கேட்டால் வயிறு எரியாதா?

மகன் கீர்த்தனன் எஞ்சினியரிங் படிப்பை விட்டுவிட்டுக் கீபோட்டும் கையுமாக அமெரிக்காவுக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவன் வாசிப்பில் தகப்பன் குற்றம் பிடிக்காத நாளில்லை. எந்தப் பாட்டை முடித்தாலும் கடைசிச் சுரத்தை இன்னொரு தரம் தட்டுவது அவன் பழக்கம். "முடிஞ்ச பாட்டை ஏனடா திரும்ப முடிக்கிறாய்?" என்று கத்துவார். கடைசியாக நடந்த சண்டைக்குப் பிறகு போனவன், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். தேடிப் பார்ப்போம் என்று அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "அவன்ர பேரை இந்த வீட்டில எடுக்கக் கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

இனி அவளால் முடியாது. பெட்டி கட்டியாகிவிட்டது. மகள் பிரவீணா மெல்பேர்னில், கிளேட்டனில் இருக்கிறாள். அவளோடு தங்கி, யாரைப் பிடித்தாவது பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று அறிந்தே தீருவாள்.

"நான் வெளிக்கிடுறன். சாப்பாடு பிரிட்ஜில இருக்கு. நீங்கள் பெட் கட்டிக்கொண்டிருங்கோ."

கௌரிசங்கர் தலையை நிமிர்த்தினார். கன்னமெல்லாம் ஈரம். அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததேயில்லை. திரையைப் பார்த்தாள். நீலச் சட்டைக்காரர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள்.

"வெல்லுதே. பிறகேன் அழுறியள்?"

"கொஞ்சம் பொறும், ராஜி. இந்தப் பாட்டு முடியட்டும்."

ஆட்டம் நின்றது. ஓர்கன் தொடங்கியது. மைதானம் முழுதும் எழுந்து நின்று கூடவே பாடியது. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்து, கடைசிச் சுரம் ஒரு தரம் ஒலித்து அடங்கியது. அவர் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். விளம்பரம் வந்துவிட்டது.

"என்னப்பா, என்ன நடந்தது? சொல்லுங்கோவன்" என்றாள் இராஜேஸ்வரி. அவளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

"இந்தக் கிழமை முழுக்க வாசிக்கிறது எங்கட பிள்ளை இல்லை, ராஜி."