அண்ணாச்சி நம்பருக்கு வந்த போன்

மாமனார் சீராகக் கொடுத்த பீரோவை அவர் காதுக்கு எட்டாமல் விற்க வேண்டும். திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் ஜெயவேல் மூன்று விளம்பர சைட்டுகளை அலசினான்.

"ஒண்ணு துட்டு கேக்கு. இன்னொண்ணுல காரும் வீடுந்தான். மூணாவது ஓசி, போட்டோவும் வேண்டாம்" என்றார் கடைக்காரர் சாலமோன்.

"அதுலயே போடு அண்ணாச்சி, உன் நம்பர் குடு. கல்யாணத்துக்குப் புதுசா வாங்குனதுன்னு எழுது."

மறுநாளே அழைப்பு வந்தது. சாலமோன் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நின்ற ஜெயவேல் குரலைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டான். மாமனார்!

"மூணு சைட்டும் பாத்தேன் நைனா, உன்னுதுதான் சீப்பா கீது. சின்னப் பொண்ணுக்கு சீர் வெக்கணும். பெயிண்ட் அடிச்சிக்கிறேன்."

"பழசுன்னு மாப்பிள்ளை கண்டுபிடிச்சிட்டா?" என்றார் சாலமோன்.

"பெரிய மாப்ள ஜெயவேலுக்கும் இப்டித்தான் குட்தேன். இன்னி வரைக்கும் கண்டுபுடிக்கலியே!"