அந்த நாற்பது பேர்

"அந்த நாற்பது பேரும் என்ன ஆவாங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள் இசக்கிச்செல்வி.

நடராஜ் தண்ணீர் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகினார். காலையில் சென்னையிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து இந்தக் கேள்வியை மட்டும் அவர் நைசாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"மேடம், முக்கியமானதைப் பேசுவோம். சாஃப்ட்வேர், கஸ்டமர், கம்பெனி பேரு. இது மூணும் கைமாறுது. அதுக்குத்தான் விலை. ஆளுங்களைப் பத்தி இங்க உக்காந்து பேசுறது வழக்கமில்லை."

"ஆளுங்க இல்லாம சாஃப்ட்வேர் தானாவா சார் எழுதிக்கிட்டுது?"

நடராஜ் பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி சுவரையும் சீலிங்கையும் பார்த்தார்.

வண்ணார்பேட்டை மாடியில் இருந்த அந்த அறையில் மொத்தம் மூன்று பேர். இசக்கிச்செல்வி, அவளோடு சேர்ந்து இந்த நெல்லைக் கம்பெனியை வளர்த்த ஆடிட்டர் சிவசைலம், எதிரே சென்னைக் கம்பெனியின் முதலாளி நடராஜ். கண்ணாடிக்கு வெளியே ஹாலில் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தார்கள். காதெல்லாம் இந்த அறையில்தான் இருந்தது.

விஷயம் சின்னதில்லை. ஒரு கம்பெனி, மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரக்கு இருப்புப் பார்க்கிற மென்பொருள் செய்கிறது. இன்னொன்று சம்பளக் கணக்குப் பார்க்கிற மென்பொருள் செய்கிறது. மென்பொருள் வாங்க வருகிற கஸ்டமரோ இரண்டையும் ஒரே இடத்தில் கேட்கிறான். ஒன்று சேர்ந்தால் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டலாம். தனித்தனியே நின்றால் இரண்டையும் எவனாவது விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவான். இந்தக் காலத்தில் கம்பெனிகள் வளர்வது பாதி வேலை செய்து, மீதி சம்பந்தம் செய்துதான்.

"பன்னிரண்டு பேர் போதும்" என்றார் நடராஜ். "மீதிப் பேருக்கு மூணு மாசச் சம்பளத்தைக் கொடுத்து மரியாதையா அனுப்பிடலாம். எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்றாங்க. செலவு மிச்சம்."

"மிச்சம் யாருக்கு சார்?"

"நம்ம ரெண்டு பேருக்கும்தான்."

இசக்கிச்செல்வி ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதுல ஒரு வரி சேர்க்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தரையும் அனுப்புறதில்லைன்னு எழுதணும். விலையில ஒரு பங்கை அவங்க சம்பளத்துக்குன்னு பேங்க்ல தனியா போட்டு வைக்கணும். அந்த வரி இருந்தாத்தான் என் கையெழுத்து."

நடராஜுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அப்போ கணக்கே மாறிடும் மேடம். பெங்களூர்ல ஒரு கம்பெனி தயாரா இருக்கு. இங்க முடியலைன்னா நான் அங்க பேசிக்கிறேன். சாயந்திரம் எனக்கு ஃபிளைட்." போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கதவு மூடியதுதான் தாமதம், சிவசைலம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

"பைய பேசு இசக்கி. விலையில கை வைக்காத. அவரு எந்திச்சுப் போயிட்டாருன்னா நாம காலத்துக்கும் இந்த மாடியிலதான் கெடக்கணும். கரையேறுத நேரத்துல கவுத்துராத."

"நாற்பது வீட்டு அடுப்பு அண்ணாச்சி. நாமளும் கேக்கலைன்னா வேற யாரு கேப்பா?"

"அது சரி. ஆனா இன்னைக்கு விட்டா இப்படி ஒரு சம்பந்தம் அமையாது, பாத்துக்க."

அது அவளுக்கும் தெரியும்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா முத்துமாலை வேலை பார்த்த மலை எஸ்டேட் கைமாறியது. பங்களாவுக்குள் பேச்சு நடந்தது. தேயிலை எத்தனை ஏக்கர், மெஷின் பழசா புதுசா, லாரி ஓடுமா என்றெல்லாம் விசாரித்தார்களாம். அப்பா மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு வாசலில் நின்றார். யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. அடுத்த மாதம் தட்டுமுட்டுச் சாமானோடு பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். மலைப்பாதை முடிகிறவரை அப்பா அந்த மழைச் சாக்கை மடியிலேயே வைத்திருந்தார். அந்தப் பங்களாவுக்குள் இருந்தவர்களை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நடராஜ் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"என்ன முடிவு பண்ணீங்க மேடம்?"

இசக்கிச்செல்வி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"வேண்டாம் சார். நீங்க பெங்களூர்லயே பாத்துக்கோங்க."

சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் யாரோ இருமுவது கேட்டது.

நடராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெங்களூர்ப் பேச்சு வெறும் மிரட்டல்தான் போலிருக்கிறது.

"எழுதுங்க அந்த வரியை."

சிவசைலம் எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்த நடராஜ், அவளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். அந்த நாற்பது பேரும் சென்னையில என் கம்பெனி ஆளுங்க. விக்கிற நானே அவங்களுக்காகக் கேக்கலை. வாங்குற நீங்க அதுல ஒருத்தர் முகத்தைக்கூடப் பாத்ததில்லையே?"

"எங்க எஸ்டேட்டை வாங்கினவரும் எங்கப்பா முகத்தைப் பாத்ததில்ல சார்" என்று சொல்லிவிட்டு, செக்கை அவர் கையில் கொடுத்தாள் இசக்கிச்செல்வி.