இரண்டாய்ப் போன பல்செட்

வீட்டு முன்னறையில் பல்செட் செய்துகொண்டிருந்த மருமகளின் மேஜைமேல் மாமனார் கைக்குட்டையைப் பிரித்து வைத்தார். உள்ளே அவருடைய மேல் பல்செட் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"மறுபடியுமா மாமா? போன தடவைதானே ஒடையாம இருக்க உள்ளே கண்ணாடி நார் வெச்சு செஞ்சு குடுத்தேன்?"

"ரொட்டி கொஞ்சம் கெட்டிம்மா."

"சரி, நாளைக்கே தந்துடறேன்."

மாமனாரின் முகம் சுருங்கியது. "அவசரமில்ல. பெரியவன் வீட்ல என்னை யாரும் தேடமாட்டாங்க. போன தடவை மாதிரி ஒரு வாரம் இருந்து, பேத்திகிட்ட சீட்டாட்டத்துல தோத்துட்டுப் போறேன்."

அவள் துண்டுகளை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் தடவை ரெண்டு மடங்கு நார் வெச்சுடறேன். ஆயுசுக்கும் ஒடையாது."

"அவ்வளவு உறுதியா எதுக்கும்மா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, நார் வெச்ச பல்செட் விரிசல் விட்டாலும் ரெண்டாப் பிரியாது. நார் இழுத்துப் பிடிச்சுக்கும். இதுல நாரே நேர்கோடா அறுபட்டிருக்கு."

மாமனார் கைக்குட்டையை மடித்தார். பிறகு பிரித்தார்.

"இரும்பு அறுக்கற பிளேடு," என்றார் மெதுவாக. "அரை நாள் பிடிச்சுது. நல்லாத்தான் செஞ்சிருக்கே."

"அங்க இருக்கற மிச்சத் துணிமணியையும் எடுத்துட்டு வந்துடுங்க மாமா. இந்த வீட்ல இருக்கறதுக்குப் பல்லு ஒடையணும்னு இல்ல."