பூசணி மகாராஜா படையெடுக்கிறார்

“என் தம்பியோட ராஜ்யத்தைத் திருடிட்டு, இங்க உக்காந்து கண்ணாடி தேய்ச்சிட்டிருக்கியா?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிப்பதை விட்டுவிட்டு, கத்திக்கொண்டே உள்ளே வந்த அவளைப் பார்த்தார். தம்பியின் சினேகிதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

“உக்காருங்கக்கா. என்ன ராஜ்யம்?”

“தெரியாத மாதிரி கேக்காதே. பூசணி மகாராஜா.”

கணினி விளையாட்டில் தம்பி கட்டியாண்ட ராஜ்யம் அது. கோட்டை கட்டி, படை திரட்டி, பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். அவன் ஒரு நாட்டையும் பிடித்ததில்லை. தினமும் தோற்றுவிட்டு, தோற்ற கதையை வேடிக்கையாக எழுதி இணையத்தில் தன் பக்கத்தில் போடுவான். முற்றுகைக்குப் போன இடத்தில் ஏணியை மறந்துவிட்டு, எதிரி ராஜாவிடமே ஏணி இரவல் கேட்டு ஓலை அனுப்பிய மகாராஜாவுக்கு முந்நூறு வாசகர்கள் இருந்தார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு லாரி மோதி அவனைக் கொண்டுபோயிற்று. பக்கமும் ஓய்ந்து கிடந்தது. போன மாதம், அவன் பெயரிலேயே, மகாராஜா மறுபடியும் படையெடுக்கக் கிளம்பிவிட்டார்.

இன்று காலை மருந்துக்கடையில் அவள் மாத்திரை அட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் பெண் ஃபோனை நீட்டினாள். “உன் தம்பி கதை இன்னிக்கும் வந்திருக்கே, அவர் முன்னாடியே எழுதி வெச்சதா?” அப்போது ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை.

“அவன்கூட ராப்பகலா விளையாடினது நீதான். பாஸ்வேர்டு உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“விளையாடினேன், இல்லேங்கல. பாஸ்வேர்டு தெரியாதுக்கா. சத்தியமா நான் எழுதல.”

“எரியற வீட்டுல பிடுங்கினது லாபமா? நாலு பேர் சிரிக்கறதுக்கு என் தம்பி பேர்தான் கெடச்சுதா? இது எங்கப்பா காதுல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?”

அப்பா டிப்போவில் முப்பது வருடம் பஸ்களையும் டிரைவர்களையும் விரட்டியவர். ஓய்வு பெற்றதும் விரட்டுவதற்கு மகன்தான் மிஞ்சினான். ‘ராஜாவாம் ராஜா, வேலைவெட்டி இல்லாத ராஜா’ என்று திட்டித் திட்டி, ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் மெயின் ஸ்விட்சையே அணைத்தார். அன்றோடு அப்பாவும் பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். லாரி வந்த நாள்வரை அந்தப் பேச்சு திரும்பவில்லை.

சினேகிதன் கோபப்படவில்லை. அது அவளை இன்னும் எரித்தது. அவன் தன் ஃபோனை எடுத்தான்.

“நானும்தான் படிக்கறேன். இதைக் கேளுங்க, அப்பறம் திட்டுங்க.”

வாசித்தான். ‘காலை 5.18-க்குப் புறப்பட வேண்டிய குதிரைப்படை, நான்கு நிமிடம் தாமதமாக 5.22-க்குப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம்: குதிரை தூங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட குதிரையிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.’

பெரியவர் களுக்கென்று சிரித்தார். அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. வந்துவிட்டதே என்று ஆத்திரம் இரண்டு மடங்கானது.

“எனக்கு இப்படியெல்லாம் எழுத வராதுக்கா. ரசீது எழுதினாலே நாலு தப்பு வரும். இது அவன் எழுத்தும் இல்ல. ஆனா யாரோ அவனை நெனச்சுக்கிட்டேதான் எழுதறாங்க.”

“நெனச்சுக்க நாங்க இருக்கோம். ஊரான் ஒருத்தனும் நெனக்க வேணாம்.”

அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இணையதளத்துக்குப் புகார் எழுதினாள். தம்பியின் இறப்புச் சான்றிதழைப் படமாக இணைக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் அழுத்திவிட்டாள். அரை மணியில் பதில் வந்தது. பக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு நிரந்தரமாக நீக்கப்படும், அதுவரை பொறுத்துக்கொள்ளவும்.

“முடிஞ்சுது” என்று சினேகிதனிடம் ஃபோனைக் காட்டினாள். அவன் மறுபடி கண்ணாடியைத் தேய்க்கப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைச் சாப்பாட்டு மேஜைமேல் எறிந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்ப்பா. ஆனா மனசு ஆறல. எவனோ ஒருத்தன் ஒரு மாசமா தம்பி பேர்ல கதை எழுதிப் போட்டுட்டிருக்கான்.”

அப்பா கைப்பையை மேஜை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“எவன்னு தெரிஞ்சா கையை ஒடிச்சிருப்பேன். செத்தவன் பேரை வெச்சு விளையாடறான், வெக்கங்கெட்டவன்.”

“ம்.”

“விடுங்க, இனிமே அந்தத் தொல்லை இல்ல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தப் பக்கத்தையே எடுத்துடறாங்க. எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்கப்பா.”

அப்பா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தம்பியின் அறையில் இன்னும் அணைக்காமல் இருந்த அவன் கணினியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

“அப்ப, நாளைக்கு எழுதறதை நான் எங்கம்மா போடறது?”