கணுக்கால் பிடி

முதல் அடியிலேயே இரண்டு பல் போனது.

அவர் துப்பினார். ரத்தமும் பல்லும் மேசையில் இருந்த காகிதத்தின் மேலேயே விழுந்தன.

"பல்லு போனா என்ன அண்ணாச்சி, வாய் இருக்குல்லா? வாசிங்க."

நீலச் சட்டைக்காரன் காகிதத்தை உதறி, மறுபடி அவர் முன்னால் வைத்தான். வந்தது மூன்று பேர். மூன்று பேர் முகத்திலும் துண்டு. மணி மாலை ஐந்து. மாவட்டம் முழுக்க டீக்கடை ரேடியோக்களில் அவருடைய விளையாட்டு நிகழ்ச்சி ஓடும் நேரம்.

காகிதத்தில் நான்கே வரி. கொம்பையா குடித்துவிட்டு ஆடினான். அதனால்தான் விழுந்து செத்தான். நேற்று ரேடியோவில் நான் சொன்னது பொய். தலைவர் என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று அவர் சொன்னது இதுதான். கபடி இறுதிப் போட்டியில் கொம்பையாவின் தலை தரையில் மோதியது. கோப்பை கொடுக்கப் பெரிய மனிதர்கள் வரும் நேரம். கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்று மாவட்டக் கபடிக் கழகத் தலைவர் ஆம்புலன்ஸை நாற்பது நிமிடம் வெளியே விடவில்லை. கொம்பையாவுக்கு இருபத்து மூன்று வயது.

தலைவரின் பெயரை இனிஷியலோடு சொன்னார்.

அவர் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாக எதையும் மென்று முழுங்கத் தெரியாத மனுஷன். லஞ்சம் வாங்கிய பயிற்சியாளர், வயதைத் திருத்திய தேர்வாளர், எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கிழித்தார். வழக்கு நான்கு. எரிந்த பைக் இரண்டு. திமிர் பிடித்த ஆள் என்று திட்டுவார்கள். ஐந்து மணியானால் ரேடியோவைப் போட்டுவிடுவார்கள்.

நேரலையில்தான் வாசிக்க வேண்டும் என்பது கட்டளை. நிலையத்தில் ஒலிபரப்பைக் கவனிக்கும் பிலோமினா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே ஒலிபரப்பு விசையைத் தள்ளினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் மைக்கின் பக்கம் குனிந்தார்.

"கொம்பையா குடிக்கல."

இரும்புக் குழாய் இறங்கியது. தோள் எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்த அடி மைக்கை நொறுக்கியது. நாற்காலியோடு சாய்ந்தார். நீலச் சட்டைக்காரன் விலாவில் மிதித்தான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். மறுபடி மோதினான்.

ஒரு மைக்கை உடைத்தால் போதும் என்று நினைத்தார்கள், மடையர்கள். விருந்தாளிகளுக்கென்று எதிரே இன்னொன்று இருந்தது. பிலோமினா அதைத் திறந்துவிட்டிருந்தாள்.

அவர் அதை நோக்கி ஊர்ந்தார்.

மூன்றாமவன் அவர் காலைப் பிடித்தான்.

கணுக்காலை. இரண்டு கையாலும். இடது கட்டைவிரலை உள்ளே மடக்கி.

அவர் அப்படியே கிடந்தார்.

ஒடிந்த விரல் சரியாகக் கூடாததால் அப்படிப் பிடிப்பவன் மாவட்டத்திலேயே ஒருவன்தான். அந்தப் பிடியை ரேடியோவில் நூறு முறை வர்ணித்திருக்கிறார். ஊர் ஊராக அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவர் வாய்தான். கொம்பையாவின் உயிர்க் கூட்டாளி. ஒரே அணி. போலீஸ் வேலைக்கு அவனுக்கு வேண்டிய விளையாட்டுச் சான்றிதழில் இன்னும் தலைவர் கையெழுத்துப் போடவில்லை.

பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

சொன்னால் அவன் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெயரை முழுங்கினார். தோளைவிட அதுதான் வலித்தது.

தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஏலே, அன்னைக்கு ஆம்புலன்ஸுக்குள்ள அவன் தலைய மடியில வச்சிருந்தது நீதானலே. நீயே சொல்லு. அவன்மேல சாராய வாடை அடிச்சுதா?"



துண்டுக்குள்ளிருந்து விம்மல் வந்தது. பிறகு ஒரே ஒரு சொல்.

"இல்ல."

கணுக்காலை விட்டுவிட்டான்.

குழாய் மறுபடி உயர்ந்தது. அது இறங்கிய சத்தம் மாவட்டம் முழுக்கக் கேட்டது.

அவர் மேல் விழவில்லை. பிடியை விட்டவன் மேல் விழுந்தது.